மணலில் நின்று செய்த சத்தியம்

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. ஏரல் ஊரைத் தாண்டி, ஆற்றை நோக்கி இறங்கும் மண்பாதை. ஒரு பக்கம் வாழை, மறு பக்கம் உடைமரம். முன்விளக்கை அணைத்துவிட்டு ஒரு டேங்கர் லாரி இறங்குகிறது... மெள்ள... பிரேக் போட்டால் கிறீச்சிடும் என்று கியரிலேயே இறக்குகிறான். ஓட்டுகிறவன் பெயர் முத்துமணி.

இந்த இடத்தில் தேவதாசன் கதையை நிறுத்திவிட்டு பரோட்டாவைப் பிய்த்தார்.

கதை நடந்த இடம் ஆறு. சொல்லப்பட்ட இடம் துறைமுகத்து வாசலுக்கு முந்தின சாலை. கேட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நூறு லாரிகள் வரிசையில் தூங்கின. கடல் காற்று நிலக்கரித் தூசியோடு வீசியதால், பேச்சிராஜா தன் ட்ரெய்லரின் பக்கவாட்டில் தார்ப்பாயைத் தொங்கவிட்டிருந்தான். அதன் மறைவில் ஐந்தாறு டிரைவர்கள் முடங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தேவதாசன். கிளியரிங் ஏஜெண்ட். ஆண்டவனே கப்பலில் வந்து இறங்கினாலும் கேட் பாஸ் இருக்கிறதா என்று கேட்கிற தொழில். அவர் எங்கே போனாலும் கூடவே ஒரு பாட்டில் போகும். அதில் ஓட்டப்பிடாரத்துக் கிணற்றுத் தண்ணீர். சொந்த ஊர்த் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்காதாம்.

"அண்ணாச்சி, கைக்குத் தண்ணி ஊத்தட்டா?" என்றான் ஷாம். சொந்த லாரி வைத்து ஓட்டுகிறவன். எதையும் நம்பாதவன்.

"வேண்டாம்லே. பேப்பர்ல துடைச்சா இன்னைக்குச் செய்தியும் கையில ஒட்டிக்கிடும். படிச்ச மாதிரியும் ஆச்சு."

துடைத்துக்கொண்டார். சிரித்தார்கள்.

"பேய்னா வெள்ளைச் சேல, மல்லியப்பூ, கால் இருக்காதுன்னு நினைச்சு உக்காந்திருக்கவன் இப்பமே எந்திரிச்சுப் போயிரு. இதுல அப்படி யாரும் வரமாட்டாவ. வாரது ஒரு ஆறு. அதுவும்... வராத ஆறு."

யாரும் எழுந்து போகவில்லை. எங்கே போவது, கேட் திறந்தால்தானே.

முத்துமணி என்பவன் ராஜதுரையின் தங்கச்சி மாப்பிள்ளை. ராஜதுரை தேவதாசனின் கூட்டாளி. ஆக, இது கேள்விப்பட்ட கதை அல்ல. மச்சான் வழியில் வந்த கதை. முத்துமணியின் ஊர் கொற்கைக்குக் கிழக்கே ஒரு கடைமடை. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊரில் இன்னும் பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில், மேற்கே மலைமேல், கரண்டுக்காக ஓர் அணை கட்டினார்கள். நல்ல அணை. குறை சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு கட்டின எத்தனையோ பாலங்கள் முதல் மழைக்கே ஊரைப் பார்க்கப் போய்விட்டன. அது இன்றைக்கும் நிற்கிறது. என்ன ஒன்று, அதுவரைக்கும் ஆறு தன் இஷ்டத்துக்கு வந்தது. அணை வந்ததும் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டது. பொழுது சாய்ந்து ஊரெல்லாம் விளக்குப் போட்டால் அங்கே மிஷின் சுற்றும். மிஷின் சுற்றினால் தண்ணீர் இறங்கும். வழியில் வயலும் குழாயும் குடித்த மிச்சம் ஒன்றரை நாள் நடந்து கடைமடைக்கு வந்து, கடன் கேட்க வந்தவன் மாதிரி வாசலில் தயங்கி நிற்கும். மிஷின் நின்றால் ஆறும் நின்றுபோகும்.

வண்டல் மட்டும் இறங்கவே இல்லை. அது அணைக்குள்ளேயே படுத்துவிட்டது. அதே ஆற்று வண்டல்தான் ஒரு காலத்தில் கொற்கையிலிருந்து கடலையே பிடித்துத் தள்ளியது. முத்துக்குக் கப்பல் வந்த துறையில் இன்றைக்கு நெல்லும் வாழையும். அப்பேர்ப்பட்ட வண்டலைச் சுவரெழுப்பி உட்கார வைத்தாயிற்று. நமக்குச் சீரியல் பார்க்கக் கரண்டு வேண்டும் அல்லவா?

ஆறு வற்றினாலும் அந்த ஊருக்குக் கவலை இல்லாமல் இருந்தது. காரணம், ஆற்றுக்குள் ஒரு கசம். ஆளை முழுங்கும் ஆழமான மடு. அதை ஒட்டி மணலுக்குள் உறைகிணறு. கசத்தில் தண்ணீர் நிற்கிறவரை கிணறு ஊறும். கிணறு ஊறுகிறவரை ஊர் குடிக்கும்.

இந்தக் கசத்தில்தான் முத்துமணி ஹோஸைப் போட்டான்.

பன்னீராயிரம் லிட்டர் டேங்கர். வாரத்துக்கு மூன்று ராத்திரி. சொந்த ஊர்க்காரன் என்பதால் எந்த நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்காது என்பது வரைக்கும் தெரியும். இதைவிட ஒரு கெட்டிக்காரத்தனமும் செய்திருந்தான். மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கிற ஒருவரைச் சிநேகம் பிடித்திருந்தான். அங்கே மிஷின் ஓட ஆரம்பித்தால் ஒரு மிஸ்டு கால். நின்றால் இரண்டு மிஸ்டு கால். கலெக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் ஆறு எப்போது வரும், எப்போது போகும் என்று முத்துமணிக்குத் தெரியும். இந்த மூளையை வைத்துக்கொண்டு இவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றான் என்றால், வாத்தியாரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தை பிறக்கும்போது உறைகிணற்றில் கயிறு எட்டவில்லை. மாசியில் சேறு வந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் போனார்கள். முத்துமணியின் மனைவி இசக்கிச்செல்வியும் போனாள், ஏழு மாத வயிற்றோடு.

அவளுக்குச் சந்தேகம் வந்தது. புருஷன் ராத்திரி போய்விட்டு வந்தால் வேட்டியில் ஆற்று மணல். கேட்டாள். "ஏரல்ல லோடு எடுத்தேன்" என்றான். அவள் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு அதே தெருவில் எட்டு வீடு தள்ளியிருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு வீடுதான். முத்துமணிக்கு அது சிங்கப்பூர் தூரம். போய் நின்றான். மாமியார் ஆறுமுகத்தாய் வாசலிலேயே மறித்தாள்.

"மாப்பிள்ள, ஊரு ஒங்க பேரச் சொல்லுது. இவளும் அதயே நினைக்கா. நீங்க இல்லன்னா... முங்கிச் சத்தியம் பண்ணிருங்க. நானே கூட்டியாந்து விடுதேன்."

முங்கிச் சத்தியம் என்பது அந்த ஊர் வழக்கம். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகாது. பழி சுமந்தவன் ஒற்றை வேட்டியோடு ஆற்றில் இறங்கி, ஓடுகிற தண்ணீரில் இடுப்பளவு நின்று, கிழக்கே பார்த்து மூன்று தடவை சொல்லி, மூன்று தடவை முங்கி எழ வேண்டும். குளத்தில் செல்லாது. குடத்துத் தண்ணீர் செல்லாது. ஓடுகிற ஆறுதான் சாட்சி. பொய்யாக முங்கியவன் எழுந்ததில்லை என்பார்கள். உண்மையோ பொய்யோ, அந்த ஊரில் இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. களவாணிகள்கூட ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அவ்வளவு பயம்.

முத்துமணிக்கும் பயம்தான். அப்போது பார்த்து, சட்டைப் பையில் போன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது.

இரண்டு மிஸ்டு கால். மிஷின் நின்றுவிட்டது.

அன்றைக்குப் புதன். முத்துமணி விரல்விட்டு எண்ணினான். "வெள்ளிக்கிழம வெடியக்காலம் ஆறு மணிக்கு வச்சிக்கிடுவோம், அத்த. நல்ல நாளு."

வெள்ளிக்கிழமை. ஊரே கரையில் நின்றது. ஆற்றில் தண்ணீர் இல்லை. கரைக்குக் கரை வெறும் மணல்; ஓரத்தில் நாலு கொக்கு. கசத்தில் அடியில் கொஞ்சம் கிடந்தது. அது நின்ற தண்ணீர், செல்லாது. பெரிய மனிதர்கள் தலையைச் சொறிந்தார்கள். அந்த வழக்கத்தை ஏற்படுத்தினவர்களுக்கு ஆறு வற்றும் என்று தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு பிரிவு சேர்த்திருப்பார்கள்.

"நான் வந்துட்டேன். ஆறு வரலன்னா நான் என்ன செய்ய? அணைக்காரன்ட்ட கேளுங்க" என்றான் முத்துமணி.

ஒற்றை வேட்டியோடு இறங்கினான். மணலில் நின்றான். கிழக்கே பார்த்தான். "கசத்துல நான் ஒரு கொடம் எடுத்ததும் இல்ல, எடுக்கவும் மாட்டேன்." மூன்று தடவை. மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தான். நெற்றியில் மணல் ஒட்டியது. கொக்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரமில்லாத சத்தியம் எப்படிப் பிடிக்கும் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

ஊர் கலைந்தது. ஆறுமுகத்தாய் மட்டும் கரையிலேயே நின்றாள்.

"சரி மாப்பிள்ள. நீங்க சொல்லிட்டீய. தண்ணி வந்ததும் அது கேட்டுக்கிடும்."

இசக்கிச்செல்வி அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் காலை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். சந்தேகப்பட்டதற்கு. முத்துமணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படி ஒன்றும் கல் நெஞ்சன் இல்லை. இனி எடுக்கவே வேண்டாம் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தான்.

ஒன்பது நாள் எடுக்கவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஏஜெண்ட் போன் செய்தான். இவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மூக்குக்குக் கீழே மீசை, மீசைக்குக் கீழே வாய், இவை தவிர அவன் தலையில் வேறு எதையும் ஆண்டவன் வைக்கவில்லை. ஒரு தனியார் யார்டில் கரி குவிந்து கிடந்தது. காலையில் சோதனைக்கு ஆள் வருகிறார்கள். கரித்தூசி பறக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து அமுக்க வேண்டும்.

"முத்துமணி, ஒரே ஒரு லோடுடா. கசத்துல கிடக்கும்லா?"

"ஊருல குடிக்கத் தண்ணி இல்ல அண்ணாச்சி. சத்தியம் வேற பண்ணிருக்கேன்."

"தண்ணியில்லாத ஆத்துலதான பண்ணுன? நீதான சொல்லிச் சிரிச்ச? அப்புறம் என்னடா?"

ஊர் குடிக்கிற தண்ணீரில் கரியைக் குளிப்பாட்ட! கேட்டவனுக்கும் வெட்கம் இல்லை. சரி என்று சொன்னவனுக்கும் இல்லை.

இனி அந்த மண்பாதைக்கு வருவோம். ஒன்றே முக்கால் மணி.

லாரி ஆற்றுக்குள் இறங்கி, மணலில் பழகின தடத்தில் ஊர்ந்து, கசத்தோரம் நின்றது. அமாவாசைக்கு மறுநாள். கை நீட்டினால் விரல் தெரியாது. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் வர வழியில்லை. ஹோஸை இறக்கினான். பம்பை இழுத்து முடுக்கினான். டப்... டப்... டப்... தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. பீடியைப் பற்ற வைத்தான்.

பாதி டேங்க் நிறைந்திருக்கும்.

தவளைச் சத்தம் நின்றது. ஒவ்வொன்றாக அல்ல... ஒரே வெட்டாக.

பம்பு மட்டும் ஓடுகிறது. டப்... டப்...

மேற்கே, தூரத்தில், காய்ந்த பனையோலையை யாரோ மணலில் இழுத்து வருகிற மாதிரி. சர்ர்ர்... நின்றது. மறுபடி சர்ர்ர்... இன்னும் கிட்ட.

முத்துமணிக்கு அந்தச் சத்தம் தெரியும். கடைமடையில் பிறந்த எவனுக்கும் தெரியும். வறண்ட ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது, சருகையும் செத்தையையும் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம். வாடையும் வந்துவிட்டது. நனைந்த மண். அழுகின இலை. அதற்குப் பின்னால் ஒரு பச்சிலை வாடை... சமவெளியில் கிடையாது, மலைக் காட்டில்தான் உண்டு.

போனைப் பார்த்தான். மிஸ்டு கால் ஏதும் இல்லை.

ஓடி வண்டியில் ஏறியிருக்கலாம். அதற்குள் சத்தம் வந்தேவிட்டது. லாரியில் மோதி, இரண்டாகப் பிரிந்து, டயரைச் சுற்றிச் சலசலத்து... அவன் இரண்டு பக்கமும் போகிறது. தொட்டுவிடும் தூரத்தில் ஆறு ஓடுகிறது. முகத்தில் குளிர் அடிக்கிறது. காலுக்கு அடியில்?

காலுக்கு அடியில் மணல். காய்ந்த மணல்.

டார்ச் அடித்தான். தண்ணீர் இல்லை. எந்தப் பக்கமும் இல்லை. ஆனால் டார்ச் வெளிச்சத்தில்... இடுப்பு உயரத்தில்... வெறும் காற்றில் வைக்கோல் மிதந்து போனது. பின்னால் நுரை. ஒரு காய்ந்த வாழை மட்டை, அதன்மேல் பத்துப் பதினைந்து எறும்பு. மெதுவாக வந்தது. அவன் மார்புக்கு நேரே வந்து மோதப் போகிறது என்று கண்ணை மூடினான். மோதவில்லை. ஒரு முழத்துக்கு முன்னாலேயே ஒதுங்கி, அவனைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, கிழக்கே போனது. எல்லாமே அப்படித்தான் போயின. வைக்கோல், நுரை, சருகு. வழியில் கிடக்கிற அசிங்கத்தை மிதித்துவிடாமல் ஒதுங்கிப் போவோமே... அப்படி.

அடித்துக்கொண்டு போயிருந்தால்கூட அவனுக்குத் தாங்கியிருக்கும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு தவளை கத்தியது. இன்னொன்று கத்தியது. டேங்க் நிறைந்து மேல் மூடி வழியாக ஏதோ சரசரவென்று வழிகிற சத்தம். பம்பை நிறுத்தினான். ஹோஸை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். வண்டி லோடு தாங்கித்தான் இழுத்தது. வழக்கத்தைவிடக் கனமாகவே இழுத்தது.

நாலரை மணிக்கு யார்டு. ஏஜெண்ட் வாசலில் நின்றான். "ஏன்டா லேட்டு?" என்றான். முத்துமணி பின்னால் போய் வால்வைத் திருகினான்.

ஒன்றும் வரவில்லை.

முழுக்கத் திருகினான். இரும்புக் கம்பியால் டேங்கைத் தட்டினான். திம்... திம்... உள்ளே நிறைந்துதான் இருக்கிறது. ஏஜெண்ட் பொறுமையில்லாதவன், தானே ஏணியில் ஏறி மேல் மூடியைத் திறந்து, போன் வெளிச்சத்தைக் காட்டினான்.

விளிம்பு வரை வண்டல். கறுப்பு வண்டல். மாவு மாதிரி நைஸ். பாளம் பாளமாக வெடித்து, கொப்பரை மாதிரிக் காய்ந்து கிடந்தது. பன்னீராயிரம் லிட்டர் பிடிக்கிற டேங்கில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

முத்துமணி ஒரு பாளத்தை எடுத்து முகர்ந்து பார்த்தான். விவசாயி மகன். அவனுடைய தாத்தா காலத்தில், புதுவெள்ளம் வடிந்தால் வயலில் ஒரு விரல்கடை இது படியுமாம். எரு போட வேண்டியதில்லையாம். அப்பா சொல்லியிருக்கிறார். அப்பாவே பார்த்ததில்லை. அணை கட்டியபின் பிறந்தவர்.

ஏஜெண்டும் மணிக்கட்டு வரைக்கும் கையை உள்ளே விட்டு அளைந்தான். அடியிலாவது தண்ணீர் இருக்கிறதா என்று! புத்தி அவ்வளவுதான்.

"அப்புறம்?" என்றான் பேச்சிராஜா. டீ அவன் கையிலேயே ஆறிப்போயிருந்தது.

அப்புறம் என்ன? முத்துமணி வீட்டுக்கு வந்து கொல்லையில் உட்கார்ந்தான். இசக்கிச்செல்வி உறைகிணற்றில் ஊறின அரைக் குடத்தைத் தூக்கிவந்து தலையில் ஊற்றினாள். தண்ணீர் தலைக்கு ஒரு சாண் மேலேயே பிரிந்து இரண்டு பக்கமும் விழுந்தது. மறுபடி ஊற்றினாள். அவன் தோளில் கரித்தூசி அப்படியே இருந்தது. அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "எடுத்தீய... என்ன?" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

அன்றைக்கே டேங்கர் ஓட்டுவதை நிறுத்திவிட்டான். மாமியார் வாசலில் போய் நின்றான். "அத்த, நான் ஒழுங்காச் சத்தியம் பண்ணுதேன். உள்ளத அப்படியே சொல்லிருதேன்." ஆறுமுகத்தாய் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். தண்ணீர் வேண்டுமே.

இதுதான் வேடிக்கை. அணை மூடுகிற நேரம் பார்த்துச் சத்தியம் செய்தவன், இப்போது அணை திறக்கக் காத்துக் கிடந்தான். டீக்கடைக்காரருக்கு ஒரு நாளைக்குப் பத்து போன். "எப்பம் தொறப்பான்? கேட்டுச் சொல்லுங்களேன்." அவர் என்ன சொல்வார்? கோடைக்காலம். "ஏலே, நான் டீதானலே ஆத்துதேன், ஆத்தையா ஆத்துதேன்?" என்று வைத்துவிட்டார். இசக்கிச்செல்விக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது தொடங்கியது. அவள் இந்தத் தடவை தாய் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் அவன் கை பட்டால் விலகிக்கொண்டாள். அவன் குடிக்க மட்டும், செம்மணல் தேரிக்காட்டுக் கிணற்றிலிருந்து தினமும் ஒரு செம்பு கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தண்ணீர் அவனைத் தொட்டது. ஆற்றுத் தண்ணீர்தான் தொடவில்லை.

சித்திரை கடைசியில் ஒரு சாயங்காலம்... போன் ஒரு தடவை அடித்து நின்றது. அவ்வளவுதான். ஒன்று.

ஒன்றரை நாள் அவன் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது ஆறு வந்துவிட்டது. நல்ல தண்ணீர். இடுப்பளவு. ஊரே மறுபடி கரையில் நின்றது. முத்துமணி ஒற்றை வேட்டியோடு இறங்கினான்.

முதல் அடி வைத்தான். தண்ணீர் விலகியது.

இரண்டாவது அடி. விலகியது. அவன் நடந்தான், நடு ஆறு வரைக்கும் நடந்தான். அவனைச் சுற்றி, அரிசி புடைக்கிற ஒரு சுளகு அகலத்துக்கு, வெறும் மணல். அவன் கூடவே அதுவும் நகர்ந்தது. சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்று, வளைந்து, ஓடியது. குனிந்தான். அள்ளப் பார்த்தான். கையை விட்டு ஓடியது.

"நாந்தான் எடுத்தேன்!" என்று கத்தினான். "நாந்தான்! எல்லாத்தையும் நாந்தான் எடுத்தேன்!" மூன்று தடவை. கரையில் ஒரு குழந்தை அழுதது. தண்ணீர் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். திட்டக்கூட இல்லை. ஆறே திட்டாதவனை யார் திட்டுவது?

கடைசியில் இசக்கிச்செல்விதான் இறங்கினாள். நிறைமாத வயிறு. தண்ணீர் அவள் சேலையை நனைத்தது, வயிற்றை நனைத்தது. ஒழுங்காக நனைத்தது. நடு ஆற்றுக்குப் போய் அந்தக் காய்ந்த வட்டத்துக்குள் நுழைந்து, ஈரக் கையால் அவன் கையைப் பிடித்தாள்.

"வாங்க வீட்டுக்கு" என்றாள். "ஆறு மன்னிக்கலன்னா நான் என்ன செய்ய? நான் ஆறு இல்லல்லா."

அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் கை கடைசி வரை நனையவில்லை.

பெண் குழந்தை. நன்றாக இருக்கிறது. அம்மா குளிப்பாட்டினால் தண்ணீர் படுகிறது, சிரிக்கிறது. முத்துமணி இப்போது வாழைத்தார் ஏற்றுகிறான். ஒரு மிஸ்டு கால் வந்தால் மூன்றாம் நாள் காலையில் ஆற்றில் போய் நிற்பான். ஒரு மணி நேரம். காய்ந்த காலோடு திரும்பி வருவான்.

தேவதாசன் நிறுத்தினார். தார்ப்பாய் படபடத்தது. வரிசையில் யாரோ ஹாரன் அடித்துவிட்டு அடங்கினார்கள்.

"சும்மா உருட்டாதீய அண்ணாச்சி" என்றான் ஷாம். குரலில் பழைய தெம்பு இல்லை. "சரி, அந்த ஏஜெண்டு பய என்ன ஆனான்? அவனுக்குல்லா மொதல்ல குடுக்கணும்."

"அவனா? இருக்கான். நல்லாத்தான் திங்கான், தூங்குதான்." தேவதாசன் கடைசித் துண்டு பரோட்டாவைச் சால்னாவில் முக்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிக்க நேரமாயிற்று. "முத்துமணிக்கு எறங்கி வாரதுக்கு ஒருத்தி இருந்தா. இவன் இன்னும் வீட்டுல சொல்லல. சொன்னா எறங்கி வருவாளான்னு தெரியல பாரு... அந்தப் பயம்."

கையைத் துடைக்கப் பேப்பரைத் தேடினார். காற்று எப்போதோ அதை அள்ளிக்கொண்டு போயிருந்தது.

"கையக் கொண்டாங்க" என்று ஷாம் லாரியிலிருந்து கேனைத் தூக்கி வந்தான். துறைமுகக் குழாயில் பிடித்தது. ஆற்றுத் தண்ணீர்தான், தூத்துக்குடியில் வேறு எது?

"வேண்டாம்லே" என்றார் தேவதாசன். எழுந்து விலகப் பார்த்தார்.

அதற்குள் ஷாம் கேனைச் சாய்த்துவிட்டான். பேச்சிராஜாவின் போன் வெளிச்சம் அந்தக் கையின்மேல்தான் இருந்தது. சால்னா எண்ணெய் விரலிடுக்கில் சிவப்பாக, அப்படியே மின்னிக்கொண்டிருந்தது.

தண்ணீர் தரையில் விழுந்து நாலா பக்கமும் பரவியது. பேச்சிராஜாவின் செருப்பு நனைந்தது. ஷாமின் கால் நனைந்தது. தேவதாசன் நின்ற இடத்தில் மட்டும், ஒரு சுளகு அகலத்துக்கு, தார் ரோடு காய்ந்தே கிடந்தது.